நெற்றியையும் பாருங்கள்

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். அவருடைய அக்காவுக்குச் சில வருடங்களுக்கு முன்பு பம்ப் ஸ்டவ் வெடித்துக் கழுத்தும் நெஞ்சும் வெந்துவிட்டன. புண் ஆறியபோது தாடை நெஞ்சோடு இழுத்து ஒட்டிக்கொண்டது. தலை நிமிராது, கீழுதடு சரியாக மூடாது. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கழுத்தில் வைக்கலாம், ஆனால் தழும்பு இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தம்பி அதற்குள் பழைய படங்களைத் தேடிப் பார்த்துவிட்டார். மூக்கறுபட்ட மாட்டுக்காரர் ஒருவருக்குப் புது மூக்கு வைத்ததைக் காட்டும் 1794-ஆம் வருடத்துப் படம், முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களின் படங்கள். "அந்தக் காலத்திலேயே இப்படிச் செய்திருக்கிறார்கள். இன்றைக்கு ஏன் தழும்பு இல்லாமல் செய்ய முடியாது என்கிறார்கள்? அந்தப் படங்கள் நிஜம்தானா?" என்பது கேள்வி.

நான் டாக்டர் இல்லை. வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் போட்டோ எடுத்தவன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று, தியேட்டருக்குள் சில, கட்டுப் பிரித்ததும் ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் தொடங்கி, ஸ்லைடு ஃபிலிம் வந்து, அது போய் டிஜிட்டல் வந்தது வரை பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியில் சிகிச்சையைப் பற்றிய பாதியை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். படங்களைப் பற்றிய பாதியை நான் சொல்ல முடியும்.

முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்கள் நிஜம். உங்கள் டாக்டர் சொன்னதும் நிஜம். தழும்பை எடுத்துத் தூரப் போடுகிற வித்தை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்தச் சிகிச்சையில் தழும்பு இடம் மாறும், திசை மாறும், சில நேரம் ஆடைக்குள்ளோ முடிக்குள்ளோ வாய்க்குள்ளோ போய்விடும். நீங்கள் பார்த்த படங்களிலும் அது இருக்கிறது. நீங்கள் மூக்கைப் பார்த்தீர்கள், நெற்றியைப் பார்க்கவில்லை.

அந்த மாட்டுக்காரரின் பெயர் காவஸ்ஜி. மராட்டிய விவசாயக் குடியில் பிறந்தவர். திப்பு சுல்தானோடு ஆங்கிலேயர் நடத்திய போரில், 1792-ல், ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டினார். திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டுத் திரும்பி வந்தார். அந்தக் காலத்துப் படைக்கு அரிசியும் குண்டும் போய்ச் சேர்வது மாட்டின் முதுகில்தான். ஆகவே எதிரிப் படையின் மாட்டுக்காரனை முடக்குவது போரின் ஒரு பகுதி. ஏறக்குறைய ஒரு வருடம் அவர் மூக்கில்லாமல் இருந்தார். பிறகு புனே பக்கத்தில், செங்கல் சுடும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். தாமஸ் க்ரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு ஆங்கில மருத்துவர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். செய்தி 1794 ஆகஸ்டில் நம் சென்னைப் பத்திரிகையிலேயே அச்சாகிவிட்டது. அதே வருடம் அக்டோபரில் லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் 'பி.எல்.' என்று மட்டும் கையெழுத்திட்ட கடிதமாக, படத்தோடு வந்தது. உருவத்தை வரைந்தவர் ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர்.

செய்முறையை அந்தக் கடிதம் தெளிவாகச் சொல்கிறது. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் அடிக்கட்டையில் வைத்து ஒரு நல்ல மூக்கின் வடிவத்துக்குப் பிடிக்கிறார்கள். பிறகு அந்தத் தகட்டைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு போடுகிறார்கள். கோட்டுக்குள் இருக்கும் தோலை உரித்தெடுக்கிறார்கள், ஆனால் இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு சின்னப் பட்டையை மட்டும் அறுக்காமல் விடுகிறார்கள். அந்தப் பட்டை வழியாகத்தான் ரத்தம் வருகிறது. தோலை அப்படியே முறுக்கிக் கீழே இறக்கி, மூக்கின் ஓரத்தைக் கீறி அந்தக் கீறலில் செருகுகிறார்கள். மேலே காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் தடவிய துணி. வெற்றிலையோடு போடுகிற அதே காசுக்கட்டிதான். ஐந்தாறு நாள் நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துவாரம் மூடிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய துணியைத் திரித்து உள்ளே வைக்கிறார்கள். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் கண்களுக்கு நடுவே விட்ட பட்டையை அறுத்துவிடுகிறார்கள். அதற்குள் புதிய இடத்திலிருந்தே ரத்தக் குழாய்கள் முளைத்து வந்திருக்கும். இன்றைக்கும் நெற்றித் தோலில் மூக்கு செய்தால் மூன்று வாரம் கழித்துத்தான் அந்தப் பட்டையை வெட்டுகிறார்கள். ஒரு செங்கல்காரர் பார்த்துப் பார்த்துக் கண்ட கணக்கு இரண்டு நூற்றாண்டு தாண்டியும் அதிகம் மாறவில்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

இப்போது படத்தைப் பாருங்கள். காவஸ்ஜியின் நெற்றியில், தோல் எடுத்த இடம் அப்படியே தழும்பாகத் தெரியும். ஓவியர் அதை மறைக்கவில்லை. பக்கத்திலேயே மெழுகுத் தகட்டின் வடிவமும் கோட்டோவியமாக இருக்கும். மூக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் மூக்கை மட்டும் காட்டியிருந்தால் லண்டனில் எவரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள், நம்பினாலும் திருப்பிச் செய்திருக்க முடியாது. ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் அறுவை மருத்துவர் முதலில் பிணங்களில் செய்து பழகி, 1814-ல் ஓர் ராணுவ அதிகாரிக்கு இந்த முறையில் மூக்கு வைத்தார். 1816-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். ஐரோப்பா இந்த முறையைக் கற்றுக்கொண்டது அந்த நெற்றித் தழும்பின் வழியாகத்தான் என்று நான் சொல்வேன்.

ஒரு குறை எனக்கு உண்டு. நோயாளியின் பெயர் இருக்கிறது, பார்த்த மருத்துவர்களின் பெயர் இருக்கிறது, ஓவியர் பெயர் இருக்கிறது. செய்தவர் பெயர் இல்லை. அவர் முகமும் இல்லை, கையும் இல்லை. குலத்தின் பெயரோடு நிறுத்திவிட்டார்கள்.

இந்த வித்தை அதற்கும் முந்தியது. பழங்கால அறுவை மருத்துவர் சுசுருதரின் நூலில் ஓர் இலையை மூக்கின் அளவுக்கு நறுக்கி, அந்த அளவில் கன்னத்திலிருந்து தோல் எடுத்து மூக்கில் பொருத்தி, மூச்சு போக இரண்டு குழல் வைக்கச் சொல்லியிருக்கிறது. கவனியுங்கள், அங்கே கன்னம். நெற்றிக்கு மாறியது பிறகு, கைவினைஞர் குடும்பங்களின் அனுபவத்தில். அந்த நூலிலேயே அறுந்த காது மடலைச் சேர்த்துத் தைக்கிற முறைகளும் விரிவாக உண்டு. பாம்படம் போட்டுத் தோள் வரை தொங்கிய காதைப் பிற்காலத்தில் அறுத்துத் தைத்துக்கொண்ட பாட்டிகளை நம் ஊரில் பலர் பார்த்திருப்பீர்கள். மடலின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு இருக்கும்.

சென்னையோடு சம்பந்தமுள்ள இன்னொரு சாட்சியும் இருக்கிறது. நிக்கோலாவோ மனுச்சி, வெனிஸ்காரர், முகலாயர் காலத்து இந்தியாவைச் சுற்றியவர், 1686-ல் நம் சென்னைப் பட்டணத்தில்தான் கல்யாணம் செய்துகொண்டு குடியிருந்தார். பீஜப்பூர்ப் போரில் மூக்கறுபட்டவர்களுக்கு உள்ளூர் வைத்தியர்கள் புருவத்துக்கு மேலே உள்ள தோலை வெட்டிக் கீழே இறக்கி, முறுக்கி மூக்கு வைத்ததை அவர் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட மூக்கோடு நிறையப் பேரைப் பார்த்ததாகவும், மூக்கே இல்லாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்றும், ஆனால் புருவங்களுக்கு நடுவே வெட்டின அடையாளம் எல்லோருக்கும் இருந்தது என்றும் சொல்கிறார். காவஸ்ஜிக்கு நூறு வருடம் முந்திய ஒருவர், படம் போடாமல், வார்த்தையாலேயே அந்தத் தழும்பைக் காட்டிவிட்டார்.

மூக்கறுப்பு நமக்கும் தூரத்துச் சங்கதி இல்லை. 1650களின் பிற்பகுதியில், திருமலை நாயக்கர் காலத்தில், மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக மதுரைச் சீமைக்குள் வந்து, கண்ணில் பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு அறுத்துச் சாக்கில் கட்டி அனுப்பியது. 'மூக்கறு போர்' என்றே அதற்குப் பெயர். ஒருவரை அவமானப்படுத்தினால் மூக்கறுத்துவிட்டான் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிஜ ரத்தம் இருக்கிறது.

நெற்றியைப் பார்க்க எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீன்பிடிப் படகின் விஞ்சில் கயிறு அறுந்து அடித்து மூக்கில் பாதி போன ஒருவர் வந்தார். அவருக்கு நெற்றித் தோலில்தான் மூக்கு வைத்தார்கள். மூன்று வாரம் நெற்றியிலிருந்து மூக்குக்கு ஒரு சதைப் பாலம் தொங்கிக்கொண்டிருக்கும். வார்டைவிட்டு வெளியே வரவே மாட்டார். பட்டையை வெட்டி, எல்லாம் ஆறி, கடைசிப் படத்துக்கு வந்தபோது தலையில் துண்டை இறக்கிக் கட்டியிருந்தார். மூக்கை மட்டும் நெருக்கமாக எடுத்தால் போதும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எடுத்தேன். அவர் எழுந்து போகாமல் துண்டை அவிழ்த்து, "இதையும் எடுங்க சார், இங்கேருந்துதானே வந்துச்சு" என்றார். அன்றிலிருந்து தோல் கொடுத்த இடத்தைத் தனியாக ஒரு படம் எடுக்காமல் நான் எந்தக் கேஸையும் முடித்ததில்லை.

ஐரோப்பாவில் இன்னொரு வழி இருந்தது. இத்தாலியின் பொலோனியா நகரத்துப் பேராசிரியர் காஸ்பரே தாலியாகோஸி 1597-ல் வெளியிட்ட புத்தகத்தின் மரச்செதுக்குப் படங்கள் மிகப் பிரபலம். ஒரு மனிதர் தன் கையைத் தூக்கி மேல்கையை மூக்கோடு சேர்த்துவைத்திருப்பார், தோல் சட்டையும் வாரும் அதை அசையாமல் பிடித்திருக்கும். மேல்கைத் தோலின் ஒரு நுனி மூக்கில் தைக்கப்பட்டிருக்கும். வாரக்கணக்கில் அப்படியே இருக்க வேண்டும். தழும்பு கையில் விழும், நெற்றி தப்பிக்கும். யோசனை அழகானதுதான். ஆனால் அந்தப் படத்து மனிதரின் முகத்தில் வலியே இருக்காது. மயக்க மருந்து 1846-க்குப் பிறகு வந்தது. மயக்கமில்லாமல் கைத்தோலை உரித்து மூக்கில் தைத்தவருடைய முகம் அப்படி இருந்திருக்காது. இது செய்முறைப் படம், கருவியையும் கட்டையும் காட்ட வந்தது, மனிதரைக் காட்ட வரவில்லை. பழைய படங்களைப் பார்க்கும்போது எதற்காக வரைந்தது என்ற கேள்வியை முதலில் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் உள்ளே பிளாஸ்டிக் வைப்பார்கள் என்று நினைத்துப் பயப்படுகிறவர்களை வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்குக் களிமண்போல வடிவம் பிடிப்பது என்று கிரேக்கத்தில் பொருள். 1818-ல் ஜெர்மானிய மருத்துவர் கிராஃபே மூக்குச் சீரமைப்பு பற்றிய தம் புத்தகத்துக்கு அந்தச் சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தார். அப்போது பிளாஸ்டிக் என்ற பொருளே கிடையாது.

சரி, சிப்பாய்களின் படங்களுக்கு வருவோம். அவற்றில் பெரும்பாலானவை ஹெரால்டு கில்லீஸ் என்பவரின் நோயாளிகள். நியூசிலாந்தில் பிறந்தவர், காது மூக்கு தொண்டை மருத்துவர். 1916-ல் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் ராணுவ மருத்துவமனையில் முகக் காயங்களுக்குத் தனி வார்டு தொடங்கினார். அந்த ஜூலையில் சோம் போர் தொடங்கியதும் ஏறக்குறைய 2,000 பேர் வந்து குவிந்தார்கள். பதுங்குகுழியிலிருந்து தலையைத் தூக்கினால் முதலில் அடிபடுவது முகம்தானே. 1917-ல் சிட்கப் என்ற இடத்தில் இதற்கென்றே மருத்துவமனை திறந்தார்கள். அங்கே 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 11,000-க்கும் அதிகமான அறுவைகள் நடந்தன. அதாவது ஒருவருக்குச் சராசரியாக இரண்டுக்கு மேல், பலருக்குப் பத்துக்கு மேல். நீங்கள் பார்த்த 'முன்னே', 'பின்னே' என்ற இரண்டு படங்களுக்கு நடுவே வருடக்கணக்கு இருக்கிறது. இரண்டு படத்தையும் ஒட்டிவைத்தால் ஒரே நாளில் நடந்ததுபோல் தோன்றிவிடும்.

கில்லீஸ் 1917 அக்டோபரில் கண்டுபிடித்த ஒரு விஷயம் இந்த வரலாற்றில் பெரிய திருப்பம். ஜட்லண்ட் கடற்போரில் முகம் வெந்த ஒரு மாலுமிக்கு நெஞ்சிலிருந்து தோலை உயர்த்தும்போது, அந்தத் தோல் பட்டையின் ஓரங்கள் தாமாகவே உள்பக்கம் சுருள்வதைப் பார்த்தார். அந்த இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து ஒரு குழாய்போல் ஆக்கிவிட்டார். உள்ளே இருக்கும் பச்சைச் சதை வெளிக்காற்றில் படாது, சீழ் பிடிப்பது குறையும், ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும். பென்சிலின் இல்லாத காலம் என்பதை மறக்காதீர்கள். நெஞ்சிலிருந்து முகத்துக்கு யானைத் தும்பிக்கைபோல் தோல் குழாய் தொங்கும் படங்கள் இதனால் வந்தவை. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அந்த வரிசையில் மிக நேர்மையான படங்கள் அவைதான், ஏனென்றால் அங்கே கடன் கொடுத்த நெஞ்சும் தெரிகிறது. கடைசிப் படத்தில் அதே மனிதர் காலர் வைத்த சட்டையும் டையும் போட்டு நிற்பார். நெஞ்சுத் தழும்பு சட்டைக்குள் போயிருக்கும்.

தோற்ற கேஸ்களையும் கில்லீஸ் மறைக்கவில்லை. விமான விபத்தில் முகம் முழுக்க எரிந்த இளம் விமானி ஒருவருக்கு நெஞ்சிலிருந்து மிகப் பெரிய தோலை ஒரே தடவையில் மாற்றினார். அது பிடிக்காமல் அழுகி, 1918-ல் அந்தப் பையன் இறந்துபோனான். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, உடம்பு தேறத் தேறச் செய்வதே அவர் வழியாயிற்று. உங்கள் அக்காவுக்கு டாக்டர் இரண்டு மூன்று தடவையாகச் செய்யலாம் என்று சொன்னால் அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஒரு போட்டோக்காரனாக இந்த இடத்தில் ஹென்றி டாங்க்ஸ் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அவர் அறுவை மருத்துவராகத் தேறி, பிறகு அதை விட்டுவிட்டு ஓவிய ஆசிரியர் ஆனவர். ஆல்டர்ஷாட்டில் கில்லீஸின் நோயாளிகளை வண்ணக் கட்டிகளால் வரைந்தார். அதே நோயாளிகளுக்குக் கறுப்பு வெள்ளைப் போட்டோவும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் தொழிலின் எல்லை எனக்குத் தெரிந்துவிடும். போட்டோவில் தழும்பு வெறும் கறுப்புக் கோடு. டாங்க்ஸின் படத்தில் எது பச்சைப் புண், எது ஆறிய தோல், எது இழுபட்டுப் பளபளக்கிற தோல் என்று நிறத்திலேயே தெரியும். அதோடு அந்த மனிதர் நம்மைப் பார்ப்பார். போட்டோவில் பலருடைய கண் எங்கேயோ பார்க்கும். டாங்க்ஸ் அந்தப் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க விரும்பவில்லை. அதையும் நான் மதிக்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது எனக்குத் தெரிந்த விஷயம். ஒரே தழும்பை ஒரே நாளில் இரண்டு விதமாகக் காட்டலாம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழுந்து தழும்பு மலைபோல் தெரியும். கேமராவுக்கு மேலேயே ஃபிளாஷ் வைத்து நேராக அடித்தால் மேடு பள்ளம் மறைந்து தோல் வழவழப்பாகிவிடும். முதல் படத்தைப் பக்கவெளிச்சத்திலும் இரண்டாவதை நேர்வெளிச்சத்திலும் எடுத்தால் அறுவை செய்யாமலேயே முன்னேற்றம் காட்டலாம். என் ஆரம்ப வருடங்களில் தெரியாமல் இப்படிச் சில படங்கள் எடுத்திருக்கிறேன். ஒரு பேராசிரியர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "தழும்பு குறைஞ்சிருக்கா, நிழல் குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். அன்றைக்கே தரையில் பெயின்ட்டால் காலடிக் குறி போட்டேன், விளக்குக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. அதே நீலத் துணி, அதே தூரம், நகை இல்லை, பொட்டு இல்லை, முடி பின்னால், சிரிப்பு இல்லை.

கழுத்து இழுத்தவர்களிடம் இன்னொரு கவனம் தேவை. தலையை நிமிர்த்துங்கள் என்றால் முதுகை வளைத்து, இடுப்பிலிருந்தே பின்னால் சாய்வார்கள். முகத்தை மட்டும் எடுத்தால் தலை நிமிர்ந்ததுபோல் இருக்கும். இடுப்பு வரை பக்கவாட்டில் எடுத்தால்தான் கழுத்து அசையவில்லை என்பது தெரியும். உங்கள் அக்காவும் அப்படித்தான் செய்துகொண்டிருப்பார், பேருந்தின் நம்பரைப் பார்க்க உடம்பையே சாய்ப்பார்.

அடுத்து, டாக்டர் சொன்ன தழும்பு என்ன என்பது. வெந்த இடம் ஆறும்போது உடம்பு அவசரமாக ஒரு ஒட்டு போடுகிறது. அந்த ஒட்டு கொலாஜன் என்ற நார். நல்ல தோலில் அது பின்னிய கூடைபோல் எல்லாப் பக்கமும் ஓடும். தழும்பில் ஒரே பக்கமாக வரிசை கட்டி நிற்கும், சுருங்கவும் செய்யும். மாதக்கணக்கில் சிவந்து தடித்துப் பிறகு மெல்ல வெளுக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். எவ்வளவு நாள் போனாலும் பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தாண்டாது. கழுத்தைப் போல மடங்குகிற இடத்தில் அந்தச் சுருக்கம் தாடையைக் கீழே இழுத்துவிடுகிறது. டாக்டர் அந்த இழுத்த தழும்பை அறுத்து விடுவித்தால் கழுத்து நிமிரும், நடுவே ஒரு பெரிய பள்ளம் திறக்கும். அதை மூடத்தான் தொடைத்தோல். தொடையில் மேல்தோலை மெல்லிசாக இழைத்து எடுப்பார்கள். அங்கே இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும், ஆனால் நிறம் மாறிய ஒரு சதுரம் நிற்கும். நம் மாநிறத் தோலில் கழுத்தில் வைத்த ஒட்டும் சுற்றியுள்ளதைவிடக் கறுப்பாகவே தெரியும். இதைத்தான் அவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். சொல்லாமல் விடுகிறவரைவிடச் சொல்லுகிறவர் நல்லவர்.

தழும்பு குறுகலான நரம்புபோல் இருந்தால் இன்னொரு உபாயம் உண்டு. ஆங்கில 'இசட்' எழுத்து வடிவில் வெட்டி, இரண்டு முக்கோணத் தோலையும் இடம் மாற்றித் தைப்பார்கள். 60 டிகிரி கோணத்தில் வெட்டினால் அந்தக் கோட்டின் நீளம் கணக்குப்படி 75 சதவீதம் கூடும், தழும்பும் திசை திரும்பிவிடும். திசை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய படம் இருக்கிறது. வியன்னாவின் கார்ல் லாங்கர் 1861-ல் பிணங்களின் தோலில் வட்டமான ஊசியால் குத்திக்கொண்டே போனார். ஓட்டைகள் வட்டமாக நிற்காமல் நீண்ட பிளவுகளாயின. அந்தப் பிளவுகளைச் சேர்த்து உடம்பு முழுக்கக் கோடுகளாக வரைந்தார். அந்தக் கோட்டோடு போகும் தழும்பு மெலியும், குறுக்கே போவது தடிக்கும். கழுத்தில் அந்தக் கோடுகள் அட்டிகை போடுகிற திசையில் ஓடுகின்றன.

தழும்பே தெரியாமல் செய்ததும் உண்டு, ஆனால் அதற்கு நிலைமை ஒத்துழைக்க வேண்டும். தொழுநோயில் மூக்கு உட்கார்ந்துபோகும். வெளித்தோல் போவதில்லை, உள்ளே இருக்கும் சவ்வும் தாங்கும் எலும்பும்தான் கரைந்துபோகின்றன. ஆகவே மேலுதட்டுக்கு அடியில், வாய்க்குள்ளே வெட்டி, சுருங்கிய மூக்கை உள்ளிருந்து விடுவித்து, உட்பக்கத்துக்குத் தோல் ஒட்டு வைத்து, அச்சு கொடுத்து நிமிர்த்தும் முறை கில்லீஸிடமிருந்து வந்தது. அவரிடம் பயின்ற நோஷிர் ஆன்டியா அதைத் தொழுநோயாளிகளுக்குச் செய்தார். அவர் தொடங்கியதும் புனேயில்தான், காவஸ்ஜிக்கு மூக்கு வைத்த அதே பக்கம். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு நம் வேலூரில் 1940களின் கடைசியிலிருந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாரை மாற்றிப் பொருத்திக் கையைத் திறக்கவைத்தார். அந்தப் படங்களில் நான் கையை மட்டும் பார்ப்பதில்லை, நார் எடுத்த இடத்தையும் தேடுவேன். நம் ஸ்டான்லியில், பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற இடத்தில், பேராசிரியர் வெங்கடசாமி கைக் காயங்களுக்கென்று தனிப் பிரிவையே வளர்த்தெடுத்தார். 2018-ல் இரண்டு கையும் இழந்த ஒருவருக்கு அங்கே வேறொருவர் கைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். முன்கையைச் சுற்றி இரண்டு நிறமும் சந்திக்கிற கோடு அதிலும் உண்டு.

கடைசியாக, அக்காவின் படம் பற்றி. எடுக்கச் சொல்வார்கள், எடுக்கவும் வேண்டும். ஆனால் எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சைக் குறிப்புக்கு மட்டுமா, மாணவர்களுக்குக் காட்டவா, வெளியே அச்சிடவா? மூன்றும் வேறு. முதலாவதற்குச் சம்மதித்து மற்ற இரண்டையும் மறுக்கலாம், அதனால் சிகிச்சை நிற்காது. கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் யாரென்று தெரியாது என்பார்கள். அது சரியில்லை. வேறொரு ஊரில் நடந்த ஒரு மருத்துவக் கண்காட்சியில், நான் எடுத்த படம் ஒன்றைப் பட்டை போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்கு யாரும் படத்தில் இருந்த பெண்ணிடம் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் சொந்தக்காரர் ஒருவர் கம்மலையும் உதட்டையும் வைத்தே அடையாளம் கண்டுவிட்டார். எங்கள் வார்டுக்கு வந்து என் முன்னால் அந்தப் பெண் அழுத அழுகைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் கையெழுத்து இல்லாமல் ஒரு பிரின்ட்டும் நான் வெளியே கொடுத்ததில்லை.

ஆபரேஷனுக்கு முன் இடுப்பு வரை பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று, வாயைத் திறந்து ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். தொடையையும் எடுக்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின் கழுத்துப் பட்டையும் அழுத்தமான உறையும் கொடுப்பார்கள், குளிக்கிற நேரம் தவிர இரவும் பகலும் மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும். சென்னை வெயிலில் அது பெரிய கஷ்டம், ஆனால் அதைக் கழற்றி வைத்தவர்களுக்குக் கழுத்து மறுபடி இழுத்துக்கொண்டதை நான் பல தடவை படம் எடுத்திருக்கிறேன். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். அந்த மூன்று தேதிப் படங்களையும் ஒரு நகல் உங்களுக்கும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு டாக்டர் பார்த்தாலும் அவருக்கு அது உதவும்.